ஹைடனின் வாத்திய இசையும் அறிவொளிக் காலமும்



பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர்களுள் ஃபோன்டனெல் என்பவர் ஒருவர். வானநூற் செய்திகளைப் பாமரருக்கும் விளங்கும்படி எழுதிப் பெயர் பெற்றவர்; நூறு வயது நிறைவதற்கு ஒரு மாதமே இருக்கையில், 1757-இல் காலமானார். வாய்ப்பாட்டு இன்றி வாத்தியங்கள் மட்டும் ஓயாமல் ஒலித்த கச்சேரி ஒன்றைக் கேட்டுப் பொறுமை இழந்த அவர், சொனாட்டாவையே ஓர் ஆளாக எதிரில் நிறுத்தி, தன்னிடம் அதற்கு என்னதான் வேண்டும் என்று வினவினாராம். இந்த வினாவை ரூசோ தமது சங்கீத அகராதியில் மனமுவந்து எடுத்துரைத்திருக்கிறார். சொல் இல்லாத இசை அறிவுக்கு எதையும் உணர்த்தாது, காதுக்கு மட்டுமே இன்பம் தரும் என்பது அக்காலத்துச் சிந்தனையாளர் பலரின் முடிவு.

ஜெர்மானியத் தத்துவ ஞானி கான்ட்டும் ஏறக்குறைய இக்கட்சியைச் சேர்ந்தவரே. 1784-இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், பிறர் கைப்பிடித்து நடத்தாமல் தன் அறிவைத் தானே பயன்படுத்தத் துணிவதே அறிவொளி என்று விளக்கினார். அதே கான்ட், 1790-இல் வெளியிட்ட நூலில், சொல்லற்ற இசையைச் சுவர்களில் ஒட்டும் காகிதத்துப் பூவேலைக்குப் பக்கத்தில் வைத்தார். அழகாக இருக்கும், ஆனால் எதையும் குறிக்காது என்பது அவர் கருத்து. போதாக்குறைக்கு, இசைக்கு நாகரிகமே போதாது என்றும் குறைப்பட்டுக்கொண்டார். வாசனை தடவிய கைக்குட்டையை ஒருவர் உதறினால் அறையில் உள்ள அனைவரும் முகர்ந்தே தீர வேண்டியிருப்பதுபோல, விரும்பாதவர் காதிலும் இசை வலிந்து நுழைகிறதாம். அவர் வீட்டுக்கு அருகில் இருந்த சிறைச்சாலையில் கைதிகள் உரக்கப் பாடிய பக்திப் பாடல்கள் அவருடைய சிந்தனையைக் குலைத்தன என்பதையும், அது குறித்து அவர் நகரத் தலைவருக்குப் புகார் எழுதினார் என்பதையும் நினைத்தால், இந்தத் தீர்ப்பில் தத்துவம் எவ்வளவு, தலைவலி எவ்வளவு என்று எனக்கு ஐயம் எழுவதுண்டு.

இப்படிப் பேரறிஞர்கள் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், வாத்திய இசையினாலும் சிந்திக்க இயலும் என்பதைக் கட்டுரை எழுதாமல் காட்டிவந்தார் ஒருவர். அவர்தாம் ஜோசப் ஹைடன். அவரைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஹைடன் 1732-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள், ஆஸ்திரியாவின் கீழ்ப்பகுதியில் ரோராவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி. நல்ல குரல் வாய்த்த சிறுவனாதலால், வியன்னாவின் பெரிய தேவாலயமான புனித ஸ்டீபன் ஆலயத்துப் பாடகர் குழுவில் சேர்க்கப்பட்டார். குரல் உடைந்ததும் வெளியே அனுப்பப்பட்டார். அதன் பின் சில ஆண்டுகள் மாடியறை ஒன்றில் வறுமையோடு வாழ்ந்து, பாடம் சொல்லிக் கொடுத்தும், ஓர் இத்தாலிய இசைப் புலவருக்குப் பணிவிடை செய்து அவரிடம் கற்றும் காலம் தள்ளினார்.

1761-ஆம் ஆண்டு மே முதல் நாள், எஸ்டர்ஹாசி என்னும் ஹங்கேரியப் பிரபுக் குடும்பத்தின் இசைக் குழுவுக்குத் துணைத் தலைவராக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். அவ்வொப்பந்தத்தை மாணவர்கள் அவசியம் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பணியாளர் சீருடையும் வெள்ளைக் காலுறையும் அணிய வேண்டும். தலைக்கு மாவு தூவிக்கொள்ள வேண்டும். காலையிலும் பிற்பகலிலும் முன்கூடத்தில் வந்து நின்று, இன்று இசை உண்டா இல்லையா என்ற கட்டளையைக் கேட்டுச் செல்ல வேண்டும். யாவற்றிற்கும் மேலாக, அவர் இயற்றுபவை பிரபுவுக்கே உரியவை. அவற்றைப் பிறருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தலாகாது. அனுமதியின்றி வேறு எவருக்கும் ஒன்றும் இயற்றலாகாது. அறிவொளி என்றால் தன் அறிவைத் தானே ஆளுதல் என்கிறோம். தன் மூளையில் பிறந்த ராகம்கூடத் தனக்குச் சொந்தமில்லாத ஒருவரிடம் அது எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை அந்த ஊழியத்திற்குள்ளேயே இருக்கிறது. மறு ஆண்டே பட்டத்திற்கு வந்த நிக்கோலஸ் பிரபு, சதுப்பு நிலத்தின் நடுவே எஸ்டர்ஹாசா என்ற மாபெரும் மாளிகையை எழுப்பினார். பிரபுவே இசைப் பித்தர். பாரிட்டன் என்ற, இன்று ஏறக்குறைய மறைந்துபோன ஒரு தந்தி வாத்தியத்தை அவர் வாசித்தார். அவருடைய விருப்பத்திற்காக ஹைடன் அதற்கென நூற்றிருபதுக்கும் மேற்பட்ட மூவரிசைகள் எழுதிக் குவித்தார். உலகத்தின் பார்வையிலிருந்து ஒதுங்கிய அந்த இடத்தில், நாள்தோறும் ஒரு வாத்தியக் குழு அவர் கைக்குள் இருந்தது. முதுமையில் தம் வரலாற்றை எழுத வந்த கிரீசிங்கர் என்பவரிடம் ஹைடன் இதைப் பற்றிச் சொன்னதன் சாரம் இது: குழுவின் தலைவன் என்ற முறையில் தம்மால் சோதனை செய்ய முடிந்தது, எது கேட்பவர் உள்ளத்தில் பதிகிறது, எது அதைக் குலைக்கிறது என்று கவனித்து, கூட்டவும் குறைக்கவும் துணியவும் முடிந்தது, தம்மைக் குழப்புவார் அருகில் எவரும் இல்லாமையால், தாம் தனித்தன்மை உடையவராக ஆகியே தீர வேண்டியிருந்தது.

சோதித்தல், கவனித்தல், திருத்துதல் என்னும் இம்மூன்றும் எந்த அகராதியைச் சேர்ந்த சொற்கள்? பாரிசில் டீடரோவும் அவர் தோழர்களும் கலைக்களஞ்சியம் தொகுத்துக்கொண்டிருந்த காலத்தின் சொற்கள் அல்லவா இவை! இலக்கணம் இப்படிச் சொல்கிறது, ஆகவே இப்படியே எழுதுவேன் என்று ஹைடன் இருக்கவில்லை. காதையே நீதிபதியாக வைத்தார். ஒரு பௌதிக ஆசிரியர் தம் ஆய்வுக்கூடத்தை நடத்துவதுபோல அவர் தம் வாத்தியக் குழுவை நடத்தினார் என்று நான் எண்ணுகிறேன்.

சோதனையின் பலன்கள் எப்படிப்பட்டவை என்று பார்ப்போம். 1772-இல் அவர் ஆறு நால்வரிசைகள் எழுதினார். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு வாத்தியங்கள் சேர்ந்து வாசிப்பதே நால்வரிசை. முன்பெல்லாம் முதல் வயலின் எஜமானன். கீழே உள்ள செல்லோ பாரம் சுமக்கும் கூலியாள். இந்த ஆறனுள் இரண்டாவதைத் திறந்தால், எடுத்த எடுப்பில் செல்லோ உயர்ந்த குரலில் இன்னிசையைப் பாடுகிறது. முதல் வயலின் வாய் திறவாமல் காத்திருக்கிறது! எளிய மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் பணியாளனுக்கும் சொல்வதற்கு ஒன்று உண்டு. அவன் சொல்லும்போது மற்றவர் கேட்க வேண்டும் என்ற முறைமை, அரசியல் மன்றங்களில் நுழைவதற்கு முன்பே, நான்கு பேர் அமரும் ஒரு சிறு கூடத்தில் இசையாக நுழைந்துவிட்டது.

அதே 1772-ஆம் ஆண்டில்தான் விடைபெறும் சிம்பனியும் பிறந்தது. பிரபு அவ்வாண்டு வழக்கத்திற்கு மேலாக எஸ்டர்ஹாசாவில் தங்கிவிட்டார். வாத்தியக்காரர்களின் மனைவி மக்களோ ஐசன்ஸ்டாட் நகரில் இருந்தார்கள். ஊருக்குப் போக உத்தரவு கேட்க எவருக்கும் துணிவில்லை. ஹைடனிடம் வந்து முறையிட்டார்கள். அவர் விண்ணப்பம் எழுதவில்லை, சிம்பனி எழுதினார். அதன் கடைசிப் பகுதி வேகமாகப் பாய்ந்துகொண்டிருக்கையில் திடீரென நின்று, மெதுவான ஓர் இசை தொடங்குகிறது. ஒவ்வொரு வாத்தியக்காரராகத் தம் பங்கை முடித்து, எதிரில் உள்ள மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு, வாத்தியத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். இறுதியில் மங்கிய ஒளியில் இரண்டு வயலின்கள் மட்டும் மிஞ்சி, அவையும் தேய்ந்து மறைகின்றன. பிரபுவுக்குப் பொருள் விளங்கிவிட்டது. மறுநாளே புறப்பட உத்தரவு பிறந்தது.

இதைப் புரட்சி என்று சொல்வது மிகை. ஹைடன் கலகக்காரர் அல்லர். பக்தி மிக்க கத்தோலிக்கர். கையெழுத்துப் பிரதிகளின் தலையில் இறைவன் பெயரை எழுதித் தொடங்கி, முடிவில் இறைவனுக்குப் புகழ் என்று எழுதி முடித்தவர். ஆனால் ஆண்டானும் அடியானும் பகுத்தறிவுள்ள மனிதர்களே, ஒருவர் நியாயத்தை மற்றவர் உணர்ந்துகொள்ள இயலும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில், அத்தகைய சிம்பனியை எவரும் எழுதத் துணியார். சொனாட்டாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாரே ஃபோன்டனெல், அதற்கும் இங்கே விடை கிடைத்துவிட்டது. இந்தச் சிம்பனிக்கு வேண்டியிருந்தது விடுமுறை!

1779-இல் புதிய ஒப்பந்தம் எழுதப்பட்டது. பிறருக்கு இயற்றக் கூடாது என்ற பழைய தளை அதில் இல்லை. வியன்னாவில் ஆர்ட்டாரியா என்ற பதிப்பகம் அவர் படைப்புகளை அச்சிடத் தொடங்கியது. 1781-இல் புதிதாக ஆறு நால்வரிசைகளை எழுதி முடித்த ஹைடன், இசை ஆர்வலர் பலருக்குக் கடிதம் எழுதி, இவை முற்றிலும் புதிய முறையில் அமைந்தவை என்று அறிவித்துச் சந்தாதாரர்களைத் தேடினார். ஒரு பிரபுவின் செவிக்காக எழுதியவர், முகமறியாத வாசகர்களைத் தேடிப் புறப்பட்டுவிட்டார்.

இந்த ஆறனுள் இரண்டாவதை, பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் வீட்டில் இசைத்தட்டில் முதன்முதலாகக் கேட்டேன். அதன் இறுதிப் பகுதியின் பல்லவி நான்கு சிறு துண்டுகளால் ஆனது. பலமுறை வந்துபோய், நம் காதுக்கு அது நன்கு பழகிவிடுகிறது. முடிவுக்கு வரும்போது ஹைடன் அந்நான்கு துண்டுகளையும் தனித்தனியே பிரித்து, இடையிடையே மௌனத்தை வைக்கிறார். ஒன்று, மௌனம், இரண்டு, மௌனம், மூன்று, மௌனம், நான்கு. சரி, முடிந்துவிட்டது என்று நான் எழுந்து தட்டை எடுக்கப் போனேன். நீண்ட மௌனத்திற்குப் பின் முதல் துண்டு மட்டும் மெல்லிய குரலில் மீண்டும் ஒலித்தது. மற்றவற்றுக்காகக் காத்திருந்தேன். வரவே இல்லை. நண்பர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெறும் குறும்பு என்று இதைத் தள்ளிவிடலாகாது. கேட்பவன் மனத்தில் எதிர்பார்ப்பு எழும்; அவன் கணக்குப் போடுவான்; அக்கணக்கு பொய்க்கும்போது தன் கணக்கைத் தானே கண்டுகொள்வான் என்று எண்ணி எழுதப்பட்ட இசை இது. சுவரில் ஒட்டிய பூக்காகிதம் நம்மை இப்படி ஏமாற்றுமா? கேட்பவனையும் அறிவுடையவனாக மதித்துச் சமமாக உட்கார வைத்துப் பேசுகிறார் ஹைடன். அதே தொகுதியின் ஐந்தாம் நால்வரிசையோ, ஒரு பேச்சை முடிக்கும்போது வழங்கும் சொற்றொடர் போன்ற ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறது! பின்னாளில், 1829-இல், கவிஞர் கேதே தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், நால்வரிசை கேட்பது அறிவுள்ள நால்வர் உரையாடக் கேட்பது போன்றது என்று குறித்தார்.

இங்கே இசையின் அமைப்பைப் பற்றி ஒரு சொல். மேனாட்டு இசையில் ஒரு பகுதியின் நடுவிலேயே ஆதார சுருதி இடம் மாறும். ஹைடன் காலத்து முதற்பகுதிகள் ஓர் ஆதார சுருதியில் ஒரு கருத்தை நாட்டி, வேறொரு சுருதிக்குப் பெயர்ந்து, பின்பு அக்கருத்தைத் துண்டு துண்டாக்கிப் பல சுருதிகளில் அலைத்துச் சோதித்து, இறுதியில் பழைய நிலைக்கே திரும்பும். துணிபு, ஐயம், ஆராய்ச்சி, முடிவு என்ற தருக்க நூல் முறையே இது என்று சிலர் கூறுவர். இது பாதி உண்மை என்பதே என் அபிப்பிராயம். நாட்டிய மேடையிலிருந்தும் நாடகப் பாட்டிலிருந்தும் வந்த அமைப்பு அது. தருக்க நூலைப் பார்த்து எவரும் வரைந்ததன்று. ஆனால் ஒரே சிறு கருத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று விடாமல் துருவிப் பார்க்கும் பழக்கம் ஹைடனிடம் உள்ள அளவுக்கு அவருக்கு முன்னிருந்தோரிடம் அரிது.

1780 முதல் ஆஸ்திரியாவைத் தனியாக ஆண்ட இரண்டாம் ஜோசப் பேரரசர், சமயப் பொறையை நாட்டவும் தணிக்கையைத் தளர்த்தவும் முற்பட்டார். வியன்னாவின் அறிஞர்கள் ஃபிரீமேசன் சங்கங்களில் கூடினார்கள். தாதுப்பொருள் ஆராய்ச்சியாளர் இக்னாஸ் ஃபான் போர்ன் தலைமை வகித்த ‘உண்மை இணக்கம்’ என்ற சங்கத்தில், 1785-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் ஹைடன் உறுப்பினரானார். அன்று வரவேற்புரை ஆற்றியவர் எடுத்துக்கொண்ட பொருள் இணக்கம் என்பதே. ஒவ்வொரு வாத்தியமும் தன் உரிமையோடு பிற வாத்தியங்களின் உரிமையையும் கருதாவிட்டால், தோழர்களின் குரல் கேட்கும்பொருட்டுத் தன் குரலைத் தணித்துக்கொள்ளாவிட்டால், அழகு பிறக்காது என்ற கருத்துப்பட அவர் பேசினார். செல்லோவுக்கு முதற்பேச்சைக் கொடுத்துப் பதின்மூன்று ஆண்டுகள் ஆன மனிதருக்கு இது புதிய செய்தியாக இருந்திராது. அதன் பின்பு அவர் அச்சங்கக் கூட்டங்களுக்குச் சென்றதாகத் தெரியவில்லை. மறுநாள், 12-ஆம் தேதி, மோஸார்ட்டின் இல்லத்தில், அவர் தமக்கு உரிமையாக்கவிருந்த புதிய நால்வரிசைகள் மூன்றைக் கேட்டு, தாம் அறிந்த இசைப்புலவருள் இவரே மிகப் பெரியவர் என்று மோஸார்ட்டின் தந்தையிடம் கூறினார். போட்டியாளனை இப்படிப் புகழ்வது எந்தக் காலத்திலும் அரிய குணம்.

அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலுமாகப் பாரிசிலிருந்த ஒலிம்பிக் சங்கக் கச்சேரிகளுக்கு ஆறு சிம்பனிகள் எழுதிக் கொடுத்தார். 1790-இல் நிக்கோலஸ் பிரபு இறந்ததும், லண்டனில் கச்சேரிகள் நடத்திவந்த சாலமன் என்பவர் வியன்னாவுக்கே வந்து அவரை அழைத்துச் சென்றார். 1791 புத்தாண்டு நாளில் இங்கிலாந்தில் அடி வைத்தபோது ஹைடனுக்கு வயது ஐம்பத்தெட்டு. அங்கிருந்து வியன்னாவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், உழைப்பு அதிகமாக இருந்தாலும், தாம் இனிக் கட்டுண்ட ஊழியன் அல்லன் என்ற உணர்வு எல்லாவற்றையும் ஈடுசெய்துவிடுகிறது என்ற பொருள்பட எழுதினார். முப்பது ஆண்டுகள் முன்கூடத்தில் நின்றவர் எழுதிய அந்த வரியை நான் எப்போது படித்தாலும் சற்று நிறுத்தியே மேலே செல்வேன்.

லண்டனில் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவர் எவரும் கேட்கலாம். அத்தகைய சபைக்காகவே 1791 முதல் 1795 வரை பன்னிரண்டு சிம்பனிகள் பிறந்தன. 1792 மார்ச்சு 23-இல் அரங்கேறிய சிம்பனியை எல்லாரும் அறிவர். இரண்டாம் பகுதியில், குழந்தைகூட முணுமுணுக்கத்தக்க ஓர் எளிய மெட்டு மெல்ல ஒலிக்கிறது. அதனினும் மெல்லத் திரும்புகிறது. அப்போது முழுக் குழுவும் முரசும் சேர்ந்து ஓர் இடி இடிக்கின்றன. தூங்கும் சீமாட்டிகளை எழுப்பவே இப்படிச் செய்தார் என்ற கதை எங்கும் வழங்குகிறது. கிரீசிங்கர் அவரையே கேட்டார். அப்படியன்று என்று மறுத்த ஹைடன், புதுமை ஒன்றால் சபையை வியப்பில் ஆழ்த்தவும், அப்போது லண்டனில் போட்டிக் கச்சேரி நடத்திக்கொண்டிருந்த தம் மாணவர் பிளேயெல் தம்மை மிஞ்சிவிடாதிருக்கவுமே அதைச் செய்ததாக ஒப்புக்கொண்டார். கவனித்துக் கேளுங்கள்: அந்த இடி ஒருமுறைதான் விழுகிறது. அதன் பிறகு மெட்டு திரும்பத் திரும்ப வரும்போதெல்லாம் நாம் அதை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறோம், அது வருவதில்லை. வராத இடியையும் கேட்கச் செய்வதுதான் அவர் சாமர்த்தியம்.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவர் ஸ்லவ் என்ற ஊருக்குச் சென்று வானியலறிஞர் வில்லியம் ஹெர்ஷலின் தொலைநோக்கியைக் கண்டார். ஹெர்ஷல் இளமையில் ஓபோ வாசித்துப் பிழைத்தவர். பின்பு தாமே தொலைநோக்கிகள் செய்து, 1781-இல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர். அவருடைய பெரிய தொலைநோக்கி நாற்பது அடி நீளம், ஐந்தடி விட்டம் என்றும், கடுங்குளிரிலும் அவர் ஐந்தாறு மணி நேரம் திறந்தவெளியில் அமர்ந்து வானத்தை நோக்குவார் என்றும் ஹைடன் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1798-இல், அவருடைய ‘படைப்பு’ என்ற பேரிசை வியன்னாவில் அரங்கேறியது. பேரரசின் நூலகத் தலைவரும் அறிவொளி இயக்கத்தில் ஊறியவருமான ஃபான் ஸ்வீட்டன் அதற்குச் சொல் அமைத்தார். ஆனால் நான் குறிப்பிட விரும்புவது சொல் தொடங்குவதற்கு முன்னுள்ள வாத்திய முகவுரை. உலகம் தோன்றுமுன் இருந்த குழப்பத்தை அது காட்டுகிறது. வாத்தியங்கள் இருளில் தடவுகின்றன. எந்த வாக்கியமும் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் முடிவதில்லை. வாழ்நாளெல்லாம் தெளிவையே ஆராய்ந்தவர்தாம் தெளிவின்மையை இவ்வளவு துல்லியமாக எழுத முடியும். பின்பு பாடகர் குழு மெல்லிய குரலில் பாடத் தொடங்குகிறது. ஒளி என்ற சொல் வந்ததும் முழுக் குழுவும் சி என்னும் சுருதியின் பேரொலியில் வெடிக்கிறது. ஹெர்ஷலின் தொலைநோக்கியே இதற்குக் காரணம் என்று எழுதுவோர் உண்டு. அவ்வளவு தூரம் செல்ல எனக்குத் துணிவில்லை; வேதாகமமே போதிய காரணம். இறைவனின் ஒளியும் அறிவின் ஒளியும் அவருக்கு இரண்டு ஒளிகளாக இருந்தனவா என்பதே எனக்கு ஐயம்.

1808-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள், வியன்னாப் பல்கலைக்கழக மண்டபத்தில் அந்தப் ‘படைப்பு’ மீண்டும் நடந்தது. எழுபத்தாறு வயதை எட்டிக்கொண்டிருந்த ஹைடனை நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்தார்கள். சாலியேரி இசைக் குழுவை நடத்தினார். ஒளி பிறக்கும் இடம் வந்ததும் சபை வழக்கம்போல் ஆரவாரித்தது. கிழவர் நடுங்கும் கைகளை மேலே உயர்த்தி, அது தம்மிடமிருந்து வரவில்லை, அங்கிருந்து வருகிறது என்று சொன்னாராம். உணர்ச்சியின் வேகத்தை உடல் தாங்காதெனக் கண்டு, முதற்பாகம் முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுசென்றார்கள். வாசலைக் கடக்கும்போது நாற்காலியை நிறுத்தச் சொல்லித் திரும்பி, வாத்தியக்காரர்களை நோக்கிக் கைதூக்கி ஆசி கூறினார்.